ஒலிம்பிக் பதக்கம் இல்லாத டேனியல் கோர்மியரை மல்யுத்த உலகம் ஏன் இவ்வளவு மதிக்கிறது?

பிடிமானம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நான் தொடர்ந்து பார்க்கத் தொடங்கியது 2018ஆம் ஆண்டில்தான். அந்த ஆண்டு ஜூலை 7ஆம் நாள், இத்தகைய போட்டிகளை நடத்தும் யுஎஃப்சி என்னும் அமெரிக்க நிறுவனம் லாஸ் வேகாஸில் நடத்திய யுஎஃப்சி 226இல், ஏற்கெனவே லைட் ஹெவிவெயிட் பட்டத்தைக் கையில் வைத்திருந்த டேனியல் கோர்மியர், ஹெவிவெயிட் சாம்பியன் ஸ்டீபே மியோச்சிச்சை முதல் சுற்றிலேயே குத்திச் சாய்த்து, இரண்டு எடைப்பிரிவுகளின் பட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கும் வீரரானார். அன்றிலிருந்து அவருடைய பழைய சண்டைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து வருகிறேன்.

வர்ணனையாளர்கள் எல்லோரும் அவரை மல்யுத்தக்காரர் என்றுதான் முதலில் அறிமுகப்படுத்துகிறார்கள். ஆனால் அவருடைய மல்யுத்தப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது எனக்குக் குழப்பமே மிஞ்சியது. அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் தேசிய இறுதிப் போட்டி வரை வந்து தோற்றிருக்கிறார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றிருக்கிறார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கோதாவுக்குள் இறங்கவே இல்லை. இதைச் சுட்டிக்காட்டி என் நண்பர் ஒருவர், "அதே பெய்ஜிங்கில் 55 கிலோ பிரிவில் தங்கம் வென்று, பிறகு யுஎஃப்சி சாம்பியனும் ஆன ஹென்றி செஹூடோவைச் சொன்னால் ஒப்புக்கொள்வேன், கோர்மியரை எந்தக் கணக்கில் அந்த வரிசையில் வைக்கிறாய்?" என்று கேட்கிறார். என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

என் அக்காள் மகன் பள்ளி அளவில் மல்யுத்தம் பயில்கிறான். அவனும் கோர்மியரின் காணொளிகளைத்தான் விரும்பிப் பார்க்கிறான். ஆகவே மல்யுத்தம் அறிந்தவர்களிடம் இரண்டு செய்திகளைக் கேட்டுத் தெளிய விரும்புகிறேன். தொழில்முறைச் சண்டைக்கு வருவதற்கு முன் அவர் உண்மையில் எந்த உயரத்தில் இருந்த மல்லர்? அங்கே கற்றவற்றில் எது யுஎஃப்சி கூண்டுக்குள் அவருக்குக் கைகொடுத்தது?


கோதாமண்:

வணக்கம் நண்பரே. உங்கள் நண்பர் பதக்கங்களை எண்ணுகிறார். ஒரு மல்லரை எடைபோட வேண்டுமானால் அவர் யாரிடம் தோற்றார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோர்மியரின் வாழ்க்கையைப் போல இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறொன்றை நான் கண்டதில்லை.

அவர் 1979இல் லூசியானா மாநிலத்தின் லஃபாயெட் நகரத்தில் பிறந்தார். அமெரிக்காவில் மல்யுத்தம் என்றால் அயோவா, ஓக்லஹோமா, பென்சில்வேனியா என்றுதான் சொல்வார்கள். லூசியானா அந்தப் பட்டியலில் வராது. அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது, 1986ஆம் ஆண்டின் நன்றி நவிலும் நாளன்று, அவருடைய தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சூழலில் வளர்ந்த சிறுவன் நார்த்சைட் உயர்நிலைப் பள்ளிக்காக மூன்று முறை மாநிலச் சாம்பியன் ஆனார். பள்ளிக்காலத்தில் 101 வெற்றி, 9 தோல்வி. அந்த 101இல் 89 வெற்றிகள் எதிராளியின் இரு தோள்களையும் தரையில் பதித்து முடித்தவை. 1995இல், 16 வயதில், கேடட் எனப்படும் பதின்வயதினருக்கான உலகப் போட்டியில் கிரேக்க-ரோமன் பிரிவில் வெண்கலமும் பெற்றார். இடுப்புக்குக் கீழே பிடிக்கவே கூடாத அந்தப் பாணியில் அவர் பெற்ற பயிற்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

பள்ளியை முடித்ததும் கான்சாஸ் மாநிலத்தின் கோல்பி என்னும் சிறிய ஊரில் உள்ள சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே 61 போட்டிகளில் மோதி 61இலும் வென்று, 1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இளநிலைக் கல்லூரிகளின் தேசியப் பட்டத்தை 197 பவுண்டு பிரிவில் வென்றார். இளநிலைக் கல்லூரி என்பது இரண்டாண்டுப் படிப்பு. பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போகும் வழியில் இருக்கும் படி என்று வைத்துக்கொள்ளலாம். கோர்மியரின் பயிற்சிக்கூடத் தோழர் கெய்ன் வெலாஸ்க்வெஸும், அவருடைய பெரும் பகைவர் ஜான் ஜோன்ஸும் இதே இளநிலைக் கல்லூரிப் பட்டங்களை வென்றவர்கள்தான்.

அங்கிருந்து ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அப்போது அங்கே பயிற்சியாளராக இருந்தவர் 1988, 1992 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற ஜான் ஸ்மித். இங்குதான் நீங்கள் கேட்ட கேள்வியின் முதல் முடிச்சு இருக்கிறது. ஓக்லஹோமா அணிக்காக கோர்மியரின் கணக்கு 53 வெற்றி, 10 தோல்வி. அந்தப் பத்தில் ஆறு தோல்விகள் ஒரே மனிதரிடம் நேர்ந்தவை. அவர் பெயர் கேல் சாண்டர்சன்.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக மோதிய சாண்டர்சன், 1999 முதல் 2002 வரை நான்கு ஆண்டுகளும் தேசியச் சாம்பியனாக இருந்து, 159 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் கல்லூரியை விட்டு வெளியேறியவர். கோர்மியர் அவரோடு பல்கலைக்கழகங்களின் அதே போட்டிக் குழுமத்தில், அதே 184 பவுண்டு பிரிவில் இருந்தார். 2001 தேசிய இறுதிப் போட்டியில் இருவரும் மோதியபோதும் சாண்டர்சன்தான் வென்றார். அவருடைய கையிருப்பில் புகழ்பெற்றது கணுக்கால் வாரல். ஒரு கையால் எதிராளியின் பிடரியை அழுத்தித் தலையை முன்னே இழுப்பார். விழாமல் இருக்க எதிராளி ஒரு காலை முன்வைத்தே ஆக வேண்டும். உடல் எடை முழுவதும் அந்தக் காலில் இறங்கும் கணத்தில் சாண்டர்சனின் மறு கை குதிகாலைப் பற்றியிருக்கும். கால் எங்கே வரும் என்பதை எதிராளியைவிட அவர் முன்னதாக அறிந்திருப்பார். இத்தகைய ஒருவரை ஆறு முறை எதிர்கொண்டு, ஒவ்வொரு முறையும் தோற்று, மறுநாள் காலையில் மீண்டும் பயிற்சிக்கூடத்துக்குப் போன மனிதர் கோர்மியர். மற்ற எல்லாரிடமும் சேர்த்து அவர் தோற்றது நான்கே முறை.

கல்லூரிக்குப் பிறகு கோர்மியர், கால்களையும் பிடிக்க அனுமதிக்கும் ஒலிம்பிக் பாணியான ஃப்ரீஸ்டைலில் 96 கிலோ பிரிவுக்கு ஏறினார். சாண்டர்சன் 84 கிலோவில் நின்று ஏதென்ஸில் தங்கம் வென்றார். அந்த நிழல் விலகியதும் கோர்மியர் 2003 தொடங்கி 2008 வரை ஆறு ஆண்டுகள், ஓராண்டுகூட விடாமல், 96 கிலோவில் அமெரிக்காவின் சார்பில் செல்லும் இடத்தை வேறு எவருக்கும் கொடுக்கவில்லை. 2003இல் சாந்தோ தொமிங்கோ நகரில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியில் தங்கம் வென்றார். 2005இல் சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்கில் நடக்கும் இவான் யாரிகின் நினைவுப் போட்டியை வென்றார். ரஷ்யர்கள் தங்கள் மண்ணில், தங்கள் வீரர்கள் திரளாக இறங்கும் போட்டி அது. அதை வென்ற அமெரிக்கர்கள் மிகச் சிலரே. என்னைக் கேட்டால் அவருடைய மல்யுத்த வாழ்வின் மிகப் பெரிய வெற்றி அதுதான் என்பேன். 2007இல் பாகு நகரில் உலகப் போட்டியின் வெண்கலமும் கிடைத்தது.

ஏதென்ஸுக்கு வருவோம். அரையிறுதியில் அவரை வென்றவர் ரஷ்யாவின் காஜிமுராத் கட்சலோவ். அவர் அந்த ஒலிம்பிக்கின் தங்கத்தை வென்றதோடு நிற்காமல் பிறகு ஐந்து முறை உலகச் சாம்பியனும் ஆனார். வெண்கலத்துக்கான போட்டியில் கோர்மியரை வென்றவர், அதற்கு முன்பே உலகச் சாம்பியனாக இருந்த ஈரானின் அலிரேசா ஹெய்தரி. நான்காம் இடம் என்று தாளில் எழுதியிருப்பதற்குப் பின்னால் நிற்பவர்கள் இவர்கள். ஏதென்ஸுக்குப் புறப்படுவதற்கு ஓராண்டுக்கு முன், 2003 ஜூனில், அவருடைய மூன்று மாதப் பெண் குழந்தை சாலை விபத்தில் இறந்தது என்பதையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அந்தத் துயரம் நேர்ந்து சில வாரங்களிலேயே அவர் பான் அமெரிக்கப் போட்டிக்கும், அதைத் தொடர்ந்து நியூயார்க்கில் நடந்த உலகப் போட்டிக்கும் நாட்டின் சார்பில் களமிறங்கினார்.


நடுவர்நாற்காலி:

கோதாமண் ஐயா முதல் கேள்விக்கு நிறைவாகவே பதில் சொல்லிவிட்டார். அதில் ஒரு சிறு செய்தியை மட்டும் சேர்த்துவிட்டு இரண்டாம் கேள்விக்குப் போகிறேன்.

கோர்மியர் மோதிய 2005 முதல் 2008 வரையிலான ஆண்டுகளில் ஃப்ரீஸ்டைல் விதிகள் இன்று இருப்பதைப் போல இல்லை. ஆறு நிமிட ஆட்டத்தின் புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரை அறிவிக்கும் முறையை எடுத்துவிட்டு, இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்று வைத்து, இரண்டு சுற்றுகளை வென்றவரே வெற்றியாளர் என்று மாற்றியிருந்தார்கள். ஒரு சுற்று புள்ளியே இல்லாமல் முடிந்தால் ஒரு பையிலிருந்து நிறப் பந்தை எடுத்து, எவருடைய நிறம் வருகிறதோ அவருக்கு எதிராளியின் காலைப் பிடித்தபடி தொடங்கும் வாய்ப்பைக் கொடுத்தார்கள். காலைப் பிடித்த நிலையில் தொடங்கும் தேர்ந்த மல்லர் பெரும்பாலும் புள்ளி எடுத்துவிடுவார் என்பதால், உலகப் போட்டியின் ஒரு சுற்றே பந்தின் நிறத்தால் முடிவாவது நடந்துகொண்டிருந்தது. நீண்ட நேரம் அழுத்தி எதிராளியின் மூச்சைத் தளர்த்துவதையே பலமாகக் கொண்ட கோர்மியரைப் போன்றவர்களுக்கு அந்த விதிகள் உகந்தவையாக இல்லை என்பது என் எண்ணம். இப்படிப்பட்ட விதிகளின் கீழ் ஒருவர் ஆண்டுதோறும் தன் நாட்டுத் தகுதிப் போட்டியை வென்றிருக்கிறார் என்றால் அதன் மதிப்பை நாம் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

இனி கூண்டுக்குள் எது கைகொடுத்தது என்பதைப் பார்ப்போம். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தமும் ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் தரைக்கு வந்த பிறகு முற்றிலும் வேறானவை. ஃப்ரீஸ்டைலில் கீழே விழுந்தவர் குப்புறப் படுத்துத் தாக்குப்பிடித்தால் போதும். சில நொடிகளில் நடுவர் இருவரையும் எழுப்பி நிறுத்திவிடுவார். கல்லூரிப் பாணியில் அப்படி யாரும் வந்து காப்பாற்ற மாட்டார்கள். மேலே இருப்பவர் அடக்கிவைத்திருக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து எண்ணி அதற்கும் ஒரு புள்ளி கொடுப்பார்கள். கீழே இருப்பவர் தானாகவே எழுந்து விடுபட்டால் அவருக்கு ஒரு புள்ளி. ஆகவே ஓக்லஹோமாவில் பயின்ற ஒருவருக்கு, திமிறுகிற மனிதனின் முதுகில் ஒட்டிக்கொண்டு எடையை இறக்கவும், தன் மேல் ஒருவர் ஏறிவிட்டால் கையையும் இடுப்பையும் விடுவித்து எழுந்து நிற்கவும் எலும்புவரை பழகியிருக்கும். குத்துகளும் அனுமதிக்கப்படும் கூண்டில் இந்த இரண்டு பழக்கங்களின் விலை பல மடங்கு ஏறிவிடுகிறது.

2015 மே மாதம் யுஎஃப்சி 187இல் ஆந்தனி ஜான்சனோடு அவர் மோதியதைப் பாருங்கள். தொடங்கிய சில நொடிகளிலேயே ஜான்சனின் வலக்கைக் குத்து அவரைத் தரையில் உருட்டியது. அந்தக் காலத்தில் ஜான்சனின் குத்தை வாங்கியவர்களில் பலர் எழவில்லை. கோர்மியர் எழுந்தார், உடனே நெருங்கி உடலோடு உடல் ஒட்டிக்கொண்டார், பிறகு கீழே தள்ளி, முதுகிலும் தோளிலும் தன் எடையைச் சுமக்கவைத்தே ஜான்சனைக் களைக்கச் செய்து, மூன்றாம் சுற்றில் பின்னாலிருந்து கழுத்தை நெரித்து லைட் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். அந்த இரண்டாம் சுற்றை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஜான்சன் எழ முயலும் ஒவ்வொரு முறையும் கோர்மியரின் மார்பு அவருடைய முதுகை விட்டுப் பிரிவதே இல்லை. அது கல்லூரி மல்யுத்தத்தின் கடிகாரம் கற்றுக்கொடுத்தது.

நின்ற நிலையில் அவருடைய பெரிய ஆயுதம் மல்லர்கள் ஹை கிராச் என்று அழைக்கும் பிடி. எதிராளியின் ஒரு தொடையைக் கவட்டுக்கு அருகே உயரத்தில் அணைத்து, தன் தலையை எதிராளியின் விலாவுக்கு வெளிப்புறமாக வைத்து, இடுப்பை அவருடைய இடுப்புக்குக் கீழே நுழைத்து நிமிர வேண்டும். கையால் தூக்கினால் நூறு கிலோ மனிதன் அசைய மாட்டான். இடுப்பு கீழே போய்விட்டால் முழங்கால் நிமிரும்போதே அவன் காற்றில் இருப்பான். கோர்மியரின் உயரம் சுமார் 180 செண்டிமீட்டர். ஹெவிவெயிட் வீரருக்கு அது மிகவும் குறைவு. அந்தக் குறைவையே அவர் இந்தப் பிடியில் நெம்புகோலாக மாற்றிக்கொண்டார். 2012 மே மாதம் சான் ஹோசே நகரில் ஜாஷ் பார்னெட்டை, 2014 மே மாதம் டான் ஹெண்டர்சனை, 2015 அக்டோபரில் அலெக்சாண்டர் குஸ்டாஃப்சனை என்று தோளுக்கு மேல் தூக்கி விரிப்பில் போட்டது எல்லாம் இதே பிடியின் வேறு வேறு வடிவங்கள்தான். இவர்களில் ஹெண்டர்சன் 1992, 1996 ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் கிரேக்க-ரோமன் பிரிவில் அமெரிக்காவுக்காக மோதியவர். அவரையே சிறுபிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கினார் என்பதை உங்கள் நண்பரிடம் காட்டுங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட மியோச்சிச் சண்டையும் மல்யுத்தத்தால் முடிந்ததே என்று சொன்னால் வியப்பீர்கள். முதல் சுற்றின் 4 நிமிடம் 33ஆம் நொடியில் சண்டை முடிகிறது. அதற்கு முந்தைய சில நொடிகளை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். இருவரும் பின்னிக்கொண்டு நிற்கிறார்கள்; கோர்மியரின் இடக்கை மியோச்சிச்சின் அக்குளுக்குக் கீழே நுழைந்திருக்கிறது. கிரேக்க-ரோமன் பயிற்சியில் சிறுவர்கள் நாள்தோறும் மணிக்கணக்காகச் செய்வது இந்தக் கைநுழைக்கும் போராட்டத்தைத்தான். பிடியிலிருந்து விலகும் கணத்தில் பெரும்பாலானோர் ஓர் அடி பின்வைத்து மூச்சு விடுவார்கள். கோர்மியர் இடக்கையால் எதிராளியின் இடம் எங்கே என்பதைக் கணித்து வைத்துக்கொண்டு, விலகும்போதே வலக்கையைக் குறுகிய தொலைவில் தாடையில் இறக்கினார். கண்ணால் பார்த்து அடித்த குத்து என்பதைவிட உடம்பால் தொட்டு உணர்ந்து அடித்த குத்து என்று அதைச் சொல்வேன்.


பிடிமானம்:

இருவருக்கும் மனம் நிறைந்த நன்றி. மியோச்சிச் சண்டையின் அந்தப் பகுதியை இப்போது நான்கு முறை பார்த்துவிட்டேன். அக்குளுக்குக் கீழே நுழைந்த கையை நான் இதுவரை கவனித்ததே இல்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. இவ்வளவு தேர்ந்த மல்லரை 2015 ஜனவரியில் ஜான் ஜோன்ஸ் எப்படிக் கீழே வீழ்த்தினார்? பெய்ஜிங்கில் நடந்தது என்ன? சிறுநீரகம் செயலிழந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். என் அக்காள் மகனும் எடைப்பிரிவுக்காக உணவைக் குறைக்கத் தொடங்கியிருப்பதால், இதை விவரமாக அறிய விரும்புகிறேன்.


கோதாமண்:

ஜோன்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தச் சண்டைக்கு வரும்வரை கோர்மியர் 15 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. தொழில்முறைச் சண்டையில் அவரை எவரும் கீழே வீழ்த்தியதும் இல்லை. ஜோன்ஸ் அன்று அவரை ஒரு முறைக்கு மேல் வீழ்த்தினார். மல்யுத்த விரிப்பில் இருவரையும் நிறுத்தியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கூண்டில் கைநீளம் என்ற ஒன்று இருக்கிறது. ஜோன்ஸின் கைவீச்சு சுமார் 215 செண்டிமீட்டர். கோர்மியருடையது சுமார் 184. உடலைக் கட்டிப்பிடிக்கும் தொலைவுக்குப் போக வேண்டுமானால் அந்த இடைவெளியை முழங்கை, முழங்கால், உதை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டே கடக்க வேண்டும். குத்துக்குக் கையைத் தூக்குகிறவனின் இடுப்பு நிமிர்ந்துவிடும். இடுப்பு நிமிர்ந்தால் எவ்வளவு பெரிய மல்லராக இருந்தாலும் கால் எதிராளியின் கைக்கு எட்டிவிடும். மல்யுத்தக் காலணி இல்லாமல் வெறுங்காலோடு நிற்பதும் ஊன்றிக்கொள்ளும் வலுவைக் குறைக்கிறது. ஜோன்ஸும் இளநிலைக் கல்லூரித் தேசியச் சாம்பியன் என்பதை முன்னமே சொன்னேன். வாய்ப்பு கிடைத்த கணத்தில் அதைத் தவறவிடாத அளவுக்கு அவருக்கும் மல்யுத்தம் தெரியும்.

பெய்ஜிங் பற்றி நம்மிடையே எடைமேடை அவர்கள் சொல்வதே பொருத்தம். அவர் அந்த வழியில் நடந்தவர்.


எடைமேடை:

அழைத்தமைக்கு நன்றி ஐயா. பிடிமானம் அவர்களே, நீங்கள் உங்கள் அக்காள் மகனைப் பற்றிச் சொன்னதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கல்லூரி நாள்களில் நான் 74 கிலோ பிரிவில் மோதியவன். இயல்பான எடை 80ஐத் தொடும். ஒரு போட்டிக்கு முந்தைய நாள், ஞெகிழி உடையை உள்ளே அணிந்து மேலே இரண்டு சட்டைகளைப் போட்டுக்கொண்டு மதிய வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடினேன். தண்ணீர் குடிக்கவில்லை, வாயில் புளிப்பு மிட்டாயை அடக்கிக்கொண்டு எச்சிலைக்கூட விழுங்காமல் ஒரு பாட்டிலில் துப்பிக்கொண்டிருந்தேன். மாலையில் வியர்ப்பது நின்றுபோயிற்று. உடம்பு கொதித்தது, ஆனால் தோல் காய்ந்த தாளைப்போல இருந்தது. இரவில் கெண்டைக்கால் தசை சுருண்டு ஏறிக்கொண்டது. நண்பர்கள் இருவர் பிடித்து நீவிவிட்டும் அடங்கவில்லை. மறுநாள் எடை சரியாக இருந்தது. முதல் ஆட்டத்தில் எதிராளியின் கையைப் பிடித்தபோது என் விரல்கள் மூடவில்லை. எங்கள் பயிற்சியாளர் உட்பட எவரும் அதை அன்று ஆபத்தாக எண்ணவில்லை. அதுதான் மல்யுத்தம் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

நான் பட்டது அதன் சிறு அளவு. கோர்மியர் 2008 ஆகஸ்டில் பட்டது அதன் முழு அளவு. அவர் அமெரிக்க ஃப்ரீஸ்டைல் அணியின் தலைவராகப் பெய்ஜிங்குக்குச் சென்றார். அப்போது போட்டிக்கு முந்தைய நாள் மாலையில் எடை பார்ப்பார்கள். 96 கிலோவுக்கு வருவதற்காக அவர் பெருமளவு நீரை உடம்பிலிருந்து இறக்கினார். ஆண்டுக்குப் பல முறை இப்படி இறக்கி ஏற்றிக்கொண்டே இருந்த உடல் அது. எடைமேடையில் அவர் தேறிவிட்டார். அதன் பிறகுதான் உடல் கைவிட்டது. கடுமையான நீரிழப்பால் சிறுநீரகங்கள் செயலிழக்கத் தொடங்க, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, போட்டியிலிருந்து விலக்கப்பட்டார்.

சிறுநீரகத்துக்கு ஏன் இது நேர்கிறது என்பதை எளிதாகச் சொல்ல முயல்கிறேன். உடம்பில் நீர் குறையும்போது இரத்தத்தின் அளவும் குறைகிறது. மூளையையும் இதயத்தையும் காப்பதற்காக உடல் முதலில் சிறுநீரகங்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. அதே நேரத்தில் கடும் பயிற்சியால் சிதையும் தசைகளின் கழிவு இரத்தத்தில் கலந்து அந்தச் சிறுநீரகங்களுக்கே வந்து சேர்கிறது. குறைந்த நீரில் கூடுதலான கழிவை வடிக்க முடியாமல் அவை நின்றுபோகின்றன. எடை பார்த்த பிறகு தண்ணீர் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மல்லர்களிடையே பரம்பரையாக வரும் நம்பிக்கை. நின்றுபோன சிறுநீரகத்துக்கு அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது.

இந்த ஆபத்து கோர்மியரின் தலைமுறைக்குத் தெரியாத ஒன்றும் அல்ல. அவர் கல்லூரி மல்யுத்தத்துக்குள் நுழைந்த அதே பருவத்தில், 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில், எடை இறக்கும்போது மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்லர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே ஞெகிழி உடைகளைத் தடைசெய்தார்கள், எடைபார்க்கும் நேரத்தைப் போட்டிக்கு அருகே கொண்டுவந்தார்கள், ஒவ்வொரு வீரரும் எந்த எடைக்குக் கீழே போகக் கூடாது என்பதை உடற்கொழுப்பை அளந்து முன்கூட்டியே வரையறுத்தார்கள். உலக மல்யுத்தக் கூட்டமைப்போ 2018இல்தான் போட்டி நாளின் காலையில் எடைபார்க்கும் முறைக்கு வந்தது. போட்டி இரண்டு நாள் நீண்டால் இரண்டு காலையும் எடை பார்ப்பார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் 50 கிலோ இறுதிப் போட்டியன்று காலை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் வெளியேற்றப்பட்டதை நாம் எல்லோரும் கண்ணீரோடு பார்த்தோமே, அது இந்த இரண்டாம் காலை எடையில் நேர்ந்ததுதான்.

அடுத்த ஆண்டு, 2009இல், கோர்மியர் சான் ஹோசே நகரின் அமெரிக்கன் கிக்பாக்சிங் அகாதமியில் சேர்ந்து தன் 30ஆம் வயதில் தொழில்முறைச் சண்டையைத் தொடங்கினார். தொடங்கியது ஹெவிவெயிட்டில். பெய்ஜிங்கில் பட்டவர் எடையே இறக்க வேண்டாத பிரிவைத் தேர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பிரிவின் யுஎஃப்சி பட்டம் அதே பயிற்சிக்கூடத்தின் கெய்ன் வெலாஸ்க்வெஸ் கையில் இருந்தது. தோழரோடு மோதுவதில்லை என்ற முடிவால் அவர் 2014இல் 205 பவுண்டு வரம்புள்ள லைட் ஹெவிவெயிட் பிரிவுக்கு இறங்கினார். கிலோவில் பார்த்தால் அது 93. பெய்ஜிங்கில் அவரை மருத்துவமனையில் கிடத்திய 96க்கும் கீழே. தன் நண்பருக்காக அவர் அந்தப் பழைய ஆபத்துக்குள் தானாகவே திரும்பிப் போனார் என்பதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது. 2017 ஏப்ரலில் யுஎஃப்சி 210க்கான எடைமேடையில் முதலில் 206.2 பவுண்டு காட்டி, சில நிமிடங்களில் முன்னால் பிடித்திருந்த துண்டின் விளிம்பில் கைவைத்தபடி 205 என்று அவர் தேறிய காட்சியைப் பலர் கேலியாகப் பகிர்கிறார்கள். அந்த முகத்தின் ஒடுங்கிய கன்னங்களைப் பார்க்கும் எவருக்கும் கேலி செய்ய மனம் வராது.

உங்கள் அக்காள் மகன் வளரும் பருவத்தில் இருக்கிறான். அவன் இருக்கும் எடையில் மோதட்டும். ஒரு பிரிவு மேலே போய்த் தோற்றாலும் போகட்டும். உணவைக் குறைப்பதாக இருந்தால் மருத்துவர் ஒருவரின் பார்வையில் மட்டும் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரைக் குறைப்பதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள்.

உங்கள் நண்பரின் பதக்கக் கணக்குக்காக ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். 2008இல் பெய்ஜிங்கின் 96 கிலோ பிரிவில் ரஷ்யாவுக்காக வந்தவர் ஷிர்வானி முராதோவ். தங்கமும் அவருக்கே போயிற்று. ஏதென்ஸில் கோர்மியரின் வழியை மறித்த கட்சலோவ் அந்த ஆண்டு அங்கே வரவே இல்லை.